மூன்றடித் தொட்டிக்கு வந்த கப்பல்

சேமலைப்புதூருக்குக் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, கோகிலவாணி வேலைக்குக் கிளம்பி, டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, போகிற போக்கில் மீன்தொட்டியை ஒரு தரம் எட்டிப் பார்த்தபோது. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க ஐந்தாறு மணி நேரம் ஆகிற ஊர் அது. பாதிப் பேர் கடலைச் சுற்றுலாப் போட்டோவில்தான் பார்த்திருந்தார்கள், மீதிப் பேர் அந்தப் போட்டோவையும் பார்க்காதவர்கள். ஆனாலும் கடல் வந்துவிட்டது, முன்ஹாலில் டிவிக்கு எதிரே, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமான கண்ணாடித் தொட்டிக்குள் வந்துவிட்டது.

அந்தத் தொட்டியைக் கட்டியது அவள் புருஷன் ரத்தினமூர்த்தி. சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் ஆயில்மேன் அவன். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இரும்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வேலை செய்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன் விடுப்பில் வந்தபோது, தான் இருக்கிற இடத்தில் ஒரு துண்டை இங்கேயும் வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, உப்புத்தூளைக் கரைத்து, பாறைகளை அடுக்கி, சென்னையில் தொட்டியிலேயே வளர்த்து விற்கிற மென்பவளங்களை வாங்கி வந்து நட்டு, ஆரஞ்சு வரி போட்ட மீன்கள் இரண்டை விட்டு, அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனான்.

அவனிடமிருந்து கடைசி அழைப்பு வந்து பத்து வாரம் ஆகியிருந்தது. கப்பலின் முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டதாகவும், ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்பதாகவும், கரைக்கு இறங்க யாரும் அனுமதிக்கவில்லை என்றும், டீசல் தீர்ந்ததால் இனி போனுக்குச் சார்ஜ் ஏறாது என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, பேட்டரியில் மிச்சமிருந்த கடைசி நிமிஷத்தில், திரையில் அவளுக்குப் பின்னால் தெரிந்த தொட்டியைப் பார்த்து, "தண்ணி மஞ்சளாயிருச்சு வாணி. கரி போடு. நல்லாக் கழுவிப் போடு" என்றான். அதோடு சரி.

கரியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊருக்கு வடக்கே தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியைச் சுட்டு, அந்தக் கரியை நீராவியில் வேகவைத்து, துளைத்துளையாக்கி அனுப்புகிற கம்பெனியில், கரி எவ்வளவு குடிக்கும் என்று அளந்து பார்க்கிற லேபில்தான் அவளுக்கு வேலை. ஒரு கிராம் கரிக்குள் இருக்கிற துளைகளையெல்லாம் பிரித்து விரித்தால் கால் ஏக்கர் வரும். நிலத்தை அளந்தே பழகிய அந்த ஊரில் இதைச் சொன்னால் எல்லாருக்கும் உடனே புரியும். ஒரு கைப்பிடி கரி என்றால் ஒரு பெரிய பண்ணை. மீன் தின்றதும் கழித்ததும், பவளம் விட்ட வழுவழுப்பும் கரைந்து கரைந்து தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும்போது, வலைப்பையில் கொஞ்சம் கரியைக் கட்டித் தொட்டிக்கு அடியிலிருக்கிற வடிகட்டும் சம்பில் தண்ணீர் பாய்கிற வழியில் வைத்தால், அந்த மஞ்சள் முழுவதும் அந்தப் பண்ணைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். தெரிந்தும் அவள் பத்து வாரம் கை வைக்கவில்லை. அவன் கடைசியாகச் சொன்னதைச் செய்து முடித்துவிட்டால் அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது என்று தள்ளிப் போட்டாள். சனிக்கிழமை மீன்கள் மங்கலாகத் தெரிந்தன. அன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து ஒரு டம்ளர் கரி கேட்டு வாங்கி வந்து, கறுப்புத் தண்ணீர் வடிந்து தெளிகிற வரை ஏழு தரம் கழுவி, கட்டி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பார்த்தபோது பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நீலத்தாளைக் காணவில்லை. கண்ணாடியையும் காணவில்லை. பவளங்களுக்குப் பின்னால் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, பச்சையாகத் தொடங்கி நீலமாகி, நீலத்துக்கும் அப்பால் வெளிச்சம் கம்பி கம்பியாய் இறங்குகிற தூரம் வரைக்கும் போனது, அந்தத் தூரத்தில் ஆயிரக்கணக்கில் மீன்கள் ஒரே உடம்பாய்த் திரும்பின. அவள் தொட்டியைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கே நீலத்தாளும், ஸ்விட்ச் போர்டும், சுவரும் இருந்தபடியே இருந்தன. மறுபடி முன்னால் வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். கண்ணாடியில் இடித்திருக்க வேண்டிய விரல்களில் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று உரசிப் போனது. கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, வேலைக்குப் போனாள், அன்றைக்கு அவளுக்குப் பகல் ஷிப்ட்.

கம்பெனியில் சூப்பர்வைசர் அர்த்தநாரியிடம் விஷயத்தைச் சொன்னாள். இருபத்தாறு வருஷம் கரியோடு இருந்தவர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எந்த லாட்டில் எடுத்த கரி என்று மட்டும் கேட்டார். நாற்பத்தொன்று என்றாள். அது நல்ல லாட் என்று சொல்லிவிட்டு மத்தியானம் அவளையும் ஏற்றிக்கொண்டு டிவிஎஸ் வண்டியில் வந்து, தொட்டிக்கு முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து போகும்போது செருப்பை மாட்ட மறந்து போனார். அவர் வெறுங்காலோடு போவதைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் வாசலில் நூறு ஜோடிச் செருப்பு. தறி ஷிப்ட் முடிந்தவர்கள் பஞ்சுத்தூசியோடு வந்தார்கள், பள்ளிக்கூடம் வரிசை கட்டி வந்தது, கல்யாணம் முடிந்த கையோடு ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வந்து நின்றுவிட்டுப் போனார்கள். வழி திறந்திருந்தும் அந்த வரி மீன்கள் இரண்டும் ஏன் கடலுக்குள் ஓடவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். சோறு போடுகிற இடத்தை விட்டு எங்கே போகும் என்று கோகிலவாணி எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். தொட்டித் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் இரண்டு விரற்கடை ஏறி இறங்கியது, ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஏற்றவற்றம் மனப்பாடமாகி, முடிதிருத்துகிற கடையைத் தண்ணீர் ஏறும் நேரத்தில் சாத்தினார்கள், தண்ணீர் இறங்கியதும் மாவு அரைக்கப் போனார்கள். உப்புக்காற்று வீசி, கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் மொடமொடவென்று நின்றது. பக்கத்து வீட்டு வேலுமணியின் காங்கேயம் காளைகள் இரண்டும் கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவள் வீட்டு மதிற்சுவரை நக்கின. சண்டை பிடிக்க வந்த வேலுமணி, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தானே காளைகளை ஓட்டிக்கொண்டு வந்து சுவரோரம் கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான். புறவழிச்சாலையில் ஒரு புரோக்கர், 'கடல் பார்த்த வீட்டுமனைகள்' என்று தட்டி வைத்தான், அதில் பொய் இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், தூரத்தில் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரு கறுப்புத் தெரிந்தது. பிள்ளைகள் திமிங்கிலம் என்றார்கள். அது அசையவே இல்லை, அதிலிருந்து ஒரு சங்கிலி அடிமண் வரைக்கும் இறங்கியிருந்தது. கோகிலவாணி மூக்கு கண்ணாடியில் படப் பார்த்தாள். புதுக் கரி ஒரு ஸ்பூன் கழுவிப் பையில் சேர்த்தாள், ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கறுப்பு ஒரு ஃபர்லாங் கிட்டே வந்தது. தண்ணீர் எவ்வளவு தெளிகிறதோ அவ்வளவு தூரம் குறைகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. இன்னொரு ஸ்பூன் போட்டாள். இப்போது கப்பலின் பின்பக்கம் தெரிந்தது, தண்ணீரைத் தள்ளுகிற நாலு இறக்கைக் காற்றாடியும் தெரிந்தது, அதில் ஒரு இறக்கையின் நுனி உடைந்து ஓட்டைப் பல் மாதிரி இருந்தது. அதே இறக்கையைப் பிடித்துக்கொண்டு, கப்பல் பட்டறையில் நின்றபோது ரத்தினமூர்த்தி எடுத்து அனுப்பிய போட்டோ அவள் போனில் இருந்தது.

"எங்க ஊட்டுக்காரரு கப்பலுங்க அது" என்றாள். ஹாலில் இருந்த நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

அதற்கப்புறம் அந்த ஊரில் வேறு பேச்சே இல்லை. அர்த்தநாரி நாற்பத்தொன்றாம் லாட்டில் மிச்சமிருந்த மூட்டை ஒன்றை ஆளனுப்பி வாசலில் இறக்கினார், மொத்தத்தையும் கொட்டிக் கப்பலை வாசல்படிக்கே இழுத்துவிடலாம் என்று எல்லாரும் துடித்தார்கள். கோகிலவாணி ஒப்பவில்லை. மஞ்சள் தண்ணீரில் இத்தனை நாள் இருந்த பவளத்துக்கு அந்த மஞ்சள்தான் குடை, திடீரென்று தெளிந்தால் தொட்டி விளக்கின் வெளிச்சம் முழுசாய் இறங்கிச் சுட்டுவிடும், பவளம் செத்தால் தண்ணீர் கெடும், கெட்டால் கடல் மூடிக்கொள்ளும் என்று, வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். விளக்கைப் பாதியாகக் குறைத்தாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்பூன், கழுவி, பையில். ஊரே அந்த ஒரு ஸ்பூனுக்காகக் காலையில் வந்து நின்றது, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் கப்பல் நெருங்கி வந்தது, அதன் அடிவயிற்றில் ஒட்டியிருந்த சிப்பிகளைப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள்.

கப்பல் தெரிந்த ஆறாம் நாள் அவள் கம்பெனிக்குப் போயிருந்தபோது வேலுமணி பொறுக்க முடியாமல் அரை மூட்டையைச் சம்பில் கொட்டிவிட்டான்.

அவள் ஓடி வந்து பார்த்தபோது மணி பதினொன்று. தண்ணீரே இல்லை என்று நினைக்கும்படி தொட்டி தெளிந்திருந்தது, ஒரு மூச்சில் நீந்திவிடுகிற தூரத்தில் கப்பல் முழுசாய் நின்றது. பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. பாறை உச்சியில் விரிந்து நின்ற பெரிய பவளம் வெள்ளை ஏறி, தோலிலிருந்து சளி மாதிரி நூல் நூலாய் விட்டுக்கொண்டிருந்தது. வேலுமணி மூலையில் நின்று தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தான். அவள் அவனைத் திட்டவில்லை, திட்டுவதற்கு நேரமில்லை. அந்தச் சளி கரைந்து தண்ணீர் கலங்க சாயங்காலம் நாலு மணி ஆகும், அதற்குள் ரத்தினமூர்த்தியைக் கூப்பிட்டாக வேண்டும். "அளுவாதீங்கண்ணா. போயி இரும்புப் பைப்பு ஒண்ணு கொண்டாங்க, நீளமா" என்றாள்.

எஞ்சின் அறை தண்ணீருக்குக் கீழே இருக்கிறது, தண்ணீரில் சத்தம் வேகமாய்ப் போகும், அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. போர்வெல் பைப்பைத் தொட்டிக்குள் இறக்கி, மேல் நுனியில் சுத்தியலால் தட்டினாள், ரத்தினமூர்த்தி வீட்டுக்கதவை எப்படித் தட்டுவானோ அப்படி: இரண்டு, கொஞ்சம் விட்டு, ஒன்று. இரண்டு, விட்டு, ஒன்று. ஹாலிலும் வாசலிலும் தெருவிலும் நின்ற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மதிற்சுவரை நக்கிய காளைகளும் நிறுத்திவிட்டன. கால்மணி நேரம் தட்டினாள். கை காந்தியது. பிறகு, தூரத்து இரும்புக்குள்ளிருந்து, இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

கப்பலின் பக்கவாட்டிலிருந்து ஒரு உருவம் தண்ணீருக்குள் பாய்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அது கீழே இறங்கி, சுற்றுமுற்றும் தேடி, பிறகு நின்றது. கடலின் அடியில், ஒரு மூச்சுத் தூரத்தில், விளக்கெரிகிற ஜன்னல் ஒன்றையும், அதற்குள் தன் வீட்டு டிவியையும், தன் பெண்டாட்டியையும், தனக்குத் தெரிந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் பார்த்தால் யாரும் ஒரு கணம் நிற்கத்தான் செய்வார்கள். பிறகு அவன் நீந்தி வந்தான். வந்த வேகத்தில் பவளங்கள் ஆடின. விளக்கைத் தூக்கு, மூடியை எடு என்று அர்த்தநாரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாறைக்கும் பம்புக்கும் நடுவிலிருந்து ஒரு கை தண்ணீருக்கு மேலே வந்தது. கோகிலவாணி அதைப் பிடித்தாள். வேலுமணி அவள் தோளைத் தாண்டி எட்டி இன்னொரு கையைப் பிடித்தான். தோளைச் சாய்த்துக்கொண்டு, எலும்பும் தாடியுமாய், டவுசரோடு, ரத்தினமூர்த்தி மூன்றடித் தொட்டியிலிருந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்து, இருமி, மூச்சு வாங்கி, அவள் முகத்தை ஈரக்கையால் தொட்டுப் பார்த்தான்.

"இன்னும் பதினோரு பேர் மேல இருக்காங்க வாணி" என்றான்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். வெள்ளைப் பவளத்தின் நூல்கள் தடித்துக்கொண்டு வந்தன, கப்பலின் விளிம்பு லேசாக மங்கியிருந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம் எங்கே என்று தெரியாமல் இருந்தவன், கைக்குக் கிடைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவனைப் பிடித்திருந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"போயிட்டு வாங்க மாமா" என்றாள்.

ஊரில் இருந்த கயிறெல்லாம் வந்தது. கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, லாரிக் கயிறு, கம்பெனியில் மூட்டை கட்டுகிற தென்னங்கயிறு, எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு, ஒரு நுனியை அவன் இடுப்பில் கட்டினார்கள். மறுநுனி ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் பால் சொசைட்டி வரை நீண்டது, அதை இருபுறமும் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அவன் மூச்சிழுத்துத் தலைகுப்புற இறங்கி, போய், நங்கூரச் சங்கிலியில் கயிற்றைக் கட்டி, மேலே ஏறி மறைந்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் கரியைப் பொறுத்தது. தண்ணீர் கலங்கக் கலங்கக் கப்பல் விலகும், ஒரு மூச்சுத் தூரம் ஒன்றேகால் மூச்சாகும், ஒன்றரை மூச்சானால் வருகிறவன் நடுவழியில் நின்றுவிடுவான். கம்பெனிப் பெண்கள் இருபது பேர் அடிகுழாயிலிருந்து சம்பு வரைக்கும் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கரியைக் குடத்தில் அலசினாள், அடுத்தவள் கறுப்புத் தண்ணீரை வடித்தாள், அடுத்தவள் மறுபடி அலசினாள், கடைசியில் கோகிலவாணி சம்பின் முன் மண்டியிட்டு, குடித்துக் குடித்து வயிறு நிறைந்துபோன பழைய பையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பையை வைத்தாள். வேலுமணிதான் அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் அலசினான், அவன் கை முட்டி வரைக்கும் கறுத்துப்போய்விட்டது. பை மாற மாறக் கப்பல் ஒரு எட்டு விலகும், ஒரு எட்டு நெருங்கும்.

கயிறு குலுங்கியது. முதலில் வந்தது ஒரு பையன் மாதிரியான மாலுமி, கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து வந்து, தொட்டிக்கு வெளியே தலையை நீட்டி, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வணக்கம் வைத்தான். பிறகு இரண்டு பேர், பிறகு ஒருவர், அப்புறம் பிலிப்பைன்ஸ்காரச் சமையல்காரர் டொமிங், இறுக மூடிய அரிசி டிரம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். டிரம்மைத் திறந்தால் உள்ளே கப்பல் பூனை. அது எல்லாரையும் முறைத்துவிட்டு நேரே போய் டிவி மேல் ஏறிக்கொண்டது. வருகிறவர்களுக்குத் துண்டு, வேட்டி, சுடச்சுடக் காபி. தெருவில் பெரிய அடுப்பு மூட்டி உப்புமா கிளறினார்கள், சாப்பிட்டவர்களுக்கு எந்தப் பாஷையில் என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று தெரு ஒரே குரலில் எண்ணியது.

மூன்றரை மணிக்கு மூட்டையில் கரி தீர்ந்தது. ரத்தினமூர்த்தியும் கேப்டனும் பாக்கி. கப்பல் விலகிக்கொண்டே போய் ஒரு நிழலானது. கோகிலவாணி கடைசிப் பையை வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கயிற்றில் இரண்டு உருவங்கள் வருவது தெரிந்தது, ஒன்று அகலமானது, மெதுவானது, மற்றொன்று அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. பாதி தூரத்தில் இரண்டும் தயங்கின. அப்போது கோகிலவாணி விளக்கை முழுசாகப் போட்டாள். பவளத்தைச் சுடுகிற வெளிச்சம் அது, ஆனால் வருகிறவர்களுக்கு வழி தெரிகிற வெளிச்சமும் அதுதான். வேலுமணி தெருவைப் பார்த்துக் கையைத் தூக்கினான். முன்னூறு பேர் கயிற்றை இழுத்தார்கள். நங்கூரச் சங்கிலியில் எங்கோ முடிச்சு அவிழ்ந்து, கயிறு சரசரவென்று தெருவில் ஓடியது, அதைப் பற்றிக்கொண்டிருந்த கேப்டன் தொட்டியின் விளிம்பில் தோள் மாட்டிக்கொண்டு, ஐந்து பேர் இழுத்து, வெளியே விழுந்தார். அவருக்குப் பின்னால், தன் வீட்டு வாசலுக்குள் நுழைகிற மனுஷன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, ரத்தினமூர்த்தி வந்தான். பன்னிரண்டு என்று தெரு எண்ணிய சத்தத்தில் வேலுமணியின் காளைகள் மிரண்டு, மந்தை வரைக்கும் ஓடிவிட்டன.

கால்மணி நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. பவளங்களுக்குப் பின்னால் நீலத்தாள் திரும்ப வந்து நின்றது.

மூன்று நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. பன்னிரண்டு பேர் நாட்டுக்குள் வந்திருக்கிறார்கள், எந்த விமானத்திலும் இறங்கவில்லை, எந்தத் துறைமுகத்திலும் பதிவாகவில்லை. கிராம நிர்வாக அலுவலர் மெகருன்னிசா இதை யோசித்து வைத்திருந்தார். இழுபட்ட கயிற்றில் அவருடைய கையும் இருந்தது. எங்கிருந்தோ தேடிப் பிடித்த படிவத்தை எடுத்துக்கொண்டு காலையிலேயே கோகிலவாணி வீட்டுக்கு வந்தார். வீடு முழுக்க ஆட்கள், டொமிங் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். தொட்டியில் பெரிய பவளம் போய்விட்டது. அடியில் இருந்த சின்னவை மூன்று மட்டும் ஒவ்வொரு இதழாய்த் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. கோகிலவாணி அவற்றுக்காக ஒரே ஒரு ஸ்பூன் கரியை வாளியில் அலசிக்கொண்டிருந்தாள், ரத்தினமூர்த்தி பக்கத்தில் குந்தி வலைப்பையை விரித்துப் பிடித்திருந்தான்.

மெகருன்னிசா நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தைப் பூர்த்தி செய்தார். கப்பலின் பெயர் கேட்டார், கேப்டன் சொன்னார். வந்தவர்கள் எண்ணிக்கை, பன்னிரண்டு. மேலும் பூனை ஒன்று. வந்திறங்கிய துறைமுகம் என்ற இடத்தில் சேமலைப்புதூர் என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் திருப்பிக் கோகிலவாணியிடம் நீட்டினார்.

"இதுல துறைமுக அதிகாரி கையெழுத்துப் போடணுமாம். நீங்கதானுங்க போடணும்" என்றார்.

கோகிலவாணி புருஷனைப் பார்த்தாள். போடு என்று அவன் தலையசைத்தான். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, காகிதத்தை முழங்கால் மேல் வைத்து, முழுப் பெயரையும் எழுதினாள். துடைத்தும் போகாத கரி, கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அவள் கட்டைவிரலைக் கறுப்பாகப் பதித்துவிட்டது. வேறு படிவம் தரட்டுமா என்று அவள் கேட்க வாயெடுப்பதற்குள், மெகருன்னிசா அந்தக் கறுப்பின் மேல் ஊதிக் காயவைத்து, முத்திரையை அதன் மேலேயே குத்தினார்.